பொழுது சாயாத கடலில் உறங்குவது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நீண்ட பகல் என்பதை அவர்கள் பார்த்ததில்லை. இவ்விரு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.5 பாகையில் இருக்கின்றன. ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் இங்கே 12 மணி 41 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 11 மணி 34 நிமிடம். வருடம் முழுவதற்குமான வித்தியாசம் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும்தான். ஜூனில் ஆறு மணியளவில் உதித்து 6.40க்கு மறையும் சூரியன், டிசம்பரில் 6.30 வாக்கில் உதித்து ஆறு மணி தாண்டியதும் மறைந்துவிடும். சித்திரை பிறக்கும் நாளையொட்டி உச்சிப்பொழுதில் கரிசல் காட்டில் ஒரு கம்பை நட்டுப் பார்த்தால், நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். சாயங்காலம் பொழுது விழுந்தால் அரை மணி நேரத்தில் நன்றாக இருட்டிவிடும். இந்த ஒழுங்கில்தான் நம் உடம்பு தலைமுறை தலைமுறையாகத் தூங்கி எழுந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் ஜூன் மாதத்தில் நார்வே நாட்டின் வடகோடிக்குக் கப்பலேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று இது அபூர்வம் இல்லை. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இந்தப் பயணத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். நார்வேயின் கரையோரமாக வடக்கு நோக்கிப் போகும் கப்பல் தடம் 1893 முதல் இருந்துவருகிறது. 66.5 பாகையில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தால், கோடையில் சூரியன் மறையாத நாட்கள் தொடங்கிவிடும். 71 பாகையில் இருக்கும் வடமுனை என்ற நூர்காப்பில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை பொழுது சாயாது. அதற்கும் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதிவரை, நான்கு மாதம் இரவே கிடையாது.

நள்ளிரவு 12 மணிக்கு மேல்தளத்தில் நின்று பார்த்தால், நேர் வடக்கே, கடல்மட்டத்துக்குச் சற்று மேலே சூரியன் நின்றுகொண்டிருக்கும். நூர்காப்பில் ஜூன் 21ஆம் தேதி நள்ளிரவில் அது தொடுவானத்திலிருந்து நான்கரைப் பாகை உயரத்தில் இருக்கும். அதற்குப் பிறகு கீழே போகாமல் கிழக்குப் பக்கமாக நகர்ந்து மெல்ல மேலேறத் தொடங்கும். முதல் நாள் இது கண்கொள்ளாக் காட்சி. மூன்றாம் நாள் கண் எரியும், தலை பாரமாக இருக்கும். நேரங்கெட்ட நேரத்தில் பசிக்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். படுத்தால் உடம்பு அசதியாகத்தான் இருக்கும், ஆனால் தூக்கம் பிடிக்காது.

ஏன் இப்படி ஆகிறது, என்ன செய்தால் சமாளிக்கலாம் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. வடகடல் பக்கம் போகவே போகாதவர்களுக்கும் இது தேவைப்படும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

புளிய இலை காட்டிய வழி

அருப்புக்கோட்டைச் சாலைகளில் புளியமரம் பார்க்காதவர் இல்லை. பகலில் விரிந்திருக்கும் அதன் சிற்றிலைகள் பொழுது சாய்ந்ததும் இரண்டிரண்டாகக் கூப்பிக்கொள்ளும். உயிர்களின் நாள் ஒழுங்கைப் பற்றி உலகில் எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இதைப் பற்றியதுதான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாண்டரின் கடற்படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தீனஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிக் காலையில் திறப்பதைக் குறித்துவைத்தார். அது புளியமரம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

1729இல் பிரெஞ்சு வானியலாளர் தே மேரான் ஒரு படி மேலே போனார். தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனையே காணாத அந்தச் செடி, வெளியே பகலாக இருக்கும்போது இலைகளை விரித்தது, இரவானதும் மூடியது. அப்படியானால் நேரம் காட்டும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்றைத்தான் இன்று உயிரியல் கடிகாரம் என்கிறோம். பழ ஈயின் உடலில் இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களையும் அவற்றின் இயக்கத்தையும் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கும் இந்தக் கடிகாரம் உண்டு. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடம்பு எப்போது சூடேற வேண்டும், எப்போது குளிர வேண்டும், உறக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான்.

மதுரை ஆய்வகத்தில் காலம் மறந்தவர்கள்

இந்தக் கடிகாரத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நடந்தன என்பது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரன், காலவுயிரியல் என்ற துறையை இந்தியாவில் ஊன்றி வளர்த்தவர். ஜெர்மனியில் அந்தத் துறையின் முன்னோடியான எர்வின் பியூனிங்கிடம் பணியாற்றியவர். அவரும் மாரிமுத்து உள்ளிட்ட அவரது சகாக்களும் மதுரையில் மனிதர்களுக்கென ஒரு தனிமை ஆய்வறை அமைத்தார்கள். ஜன்னல், கடிகாரம், செய்தித்தாள், வெளிச்சத்தம் ஒன்றும் கிடையாது. தன்னார்வலர் உள்ளே போய்ப் பல நாட்கள் தங்குவார். தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துப் படுக்கலாம், விழிப்பு வந்தால் எழலாம். வெளியே பகலா இரவா என்று அவருக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போது உடம்பின் நாள் 24 மணி நேரத்தோடு பொருந்தி நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளித் தூங்கி, கொஞ்சம் தள்ளி எழுகிறார்கள். சிலருக்கு உறக்கமும் விழிப்பும் ஒரு கணக்கிலும், உடல் வெப்பம் வேறொரு கணக்கிலும் ஓடத் தொடங்கிவிடும். 1991இல் இந்தக் குழு வெளியிட்ட ஒரு முடிவு குறிப்பிடத்தக்கது. தனிமையறையில் இருந்த ஒரு பெண்ணின் மாதவிலக்குச் சுற்று, அவரது உறக்க விழிப்புச் சுற்றோடு பிணைந்திருக்கவில்லை. அதாவது உடம்பின் எல்லாக் காலக் கணக்குகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை இல்லை.

ஜெர்மனியில் ஆஷாஃப், வேவர் ஆகியோர் 1960களில் நடத்திய பதுங்கறை ஆய்வுகளில் மனிதரின் உள்நாள் சுமார் 25 மணி நேரம் என்று தெரிந்தது. பிறகு ஹார்வர்டில் சீஸ்லர் குழுவினர் மங்கலான ஒளியில் கவனமாக அளந்து, 1999இல் அது சராசரியாக 24 மணி 11 நிமிடம்தான் என்று காட்டினார்கள். முந்தைய ஆய்வுகளில் கணக்கு நீண்டதற்குக் காரணம், தங்கியிருந்தவர்கள் விழித்திருந்த நேரமெல்லாம் எரியவிட்ட விளக்கு. ராத்திரி வெளிச்சமே அவர்களது கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்திருந்தது.

மதுரைக் குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு வௌவால்களைப் பற்றியது. மதுரை வட்டாரத்துக் குகை ஒன்றின் வெளிச்சமே எட்டாத உட்பகுதியில், ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சூரியனைக் காண வழியில்லாத அந்த வௌவால், குகையில் குடியிருந்த மற்ற வௌவால்கள் சாயங்காலம் கிளம்பிப் போவதையும் விடியலில் திரும்பி வருவதையும் கொண்டே நேரத்தைச் சரியாகக் காத்தது. கூட்டமில்லாத குகையில் வைத்த வௌவாலின் கணக்கு நாளுக்கு நாள் விலகிப்போனது. 1981இல் வெளியான இந்த ஆய்வு, கூட்டத்தோடு சேர்ந்திருப்பதும் நேரம் காட்டும் என்று நிறுவியது. மனிதரிடம் இந்தச் சமூகச் சைகையைவிட ஒளிக்கே வலு அதிகம். ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது.

கண்ணுக்கு இன்னொரு வேலை

ஒளி எப்படிக் கடிகாரத்தைத் திருத்துகிறது? பார்ப்பதற்கான செல்கள் போக, வேறு ஒரு வகைச் செல்லும் நம் விழித்திரையில் இருக்கிறது என்பது 2002 வாக்கில்தான் உறுதியானது. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி நீல ஒளியை அதிகமாக வாங்கும். உருவம் பார்ப்பது இச்செல்களின் முக்கிய வேலை இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் பொறுப்பு.

வீட்டு விளக்கொளி 100 முதல் 300 லக்ஸ் இருக்கும். வடகடலில் தெளிந்த வானத்துடன் வரும் நள்ளிரவுச் சூரியன் சில ஆயிரம் லக்ஸ் தரும். மெலடோனின் சுரக்க வேண்டிய நேரத்தில் இந்த அளவு ஒளி கண்ணில் பட்டால் சுரப்பு அடங்கிவிடும். உடம்புக்கு அது மாலை நாலு மணி, அவ்வளவுதான்.

இதில் நேரம் முக்கியம். முன்னிரவில் படும் ஒளி கடிகாரத்தைத் தள்ளிப்போடும், மறுநாள் தூக்கம் தாமதமாக வரும். பின்னிரவிலும் விடியலிலும் படும் ஒளி கடிகாரத்தை முன்னே இழுக்கும், தூக்கம் சீக்கிரம் வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள திருப்புமுனை, உடல் வெப்பம் மிகக் குறைந்திருக்கும் வேளை. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வரும்.

கைக்கடிகாரத்தை மாற்றி உடம்பை ஏமாற்ற முடியுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். 1950களில் மேரி லோபன் உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், இரவே இல்லாத கோடையில் தன்னார்வலர்களை ஸ்வால்பார்டின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு அழைத்துப்போனார்கள். ஒரு குழுவின் கைக்கடிகாரம் 21 மணி நேரத்தில் ஒரு முழு நாளைச் சுற்றி முடிக்கும்படி வேகமாக ஓடியது. இன்னொரு குழுவின் கடிகாரத்தில் ஒரு நாள் 27 மணி நேரம் நீண்டது. சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் அந்தக் கடிகாரப்படியே நடந்தன. சிறுநீரைச் சோதித்தபோது பொட்டாசியம் வெளியேறும் அளவு மட்டும் பழைய 24 மணி நேரக் கணக்கை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. கை காட்டிய நேரம் ஒன்று, சிறுநீரகம் காட்டிய நேரம் வேறு.

கப்பலில் செய்ய வேண்டியது

கோடையில் நார்வேயின் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் பிந்தியது. ஊரில் இரவு பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுபவரின் உடல் வெப்பம் அதிகாலை மூன்று, மூன்றரைக்கு மிகக் குறையும். நார்வேயில் அது நள்ளிரவு. ஆகவே போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாள், மாலை வெளிச்சம் உங்களுக்கு நண்பன். ஏழு மணிக்கே கண் சொக்கினாலும் ஒன்பதரை, பத்துவரை மேல்தளத்தில் உட்கார்ந்திருங்கள். அந்த ஒளி கடிகாரத்தைத் தேவையான பக்கமே தள்ளும். ஆனால் இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் திரையை விலக்காதீர்கள். வெளியே பளிச்சென்ற வெயில் இருக்கும், படமெடுக்க ஆசை வரும். அந்த நேரத்து ஒளி உங்களை மறுபடி இந்திய நேரத்துக்கே இழுத்துவிடும்.

நாலாம் நாளிலிருந்து கணக்கு மாறுகிறது. கடிகாரம் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிட்டது. இனி மாலை ஒளி அதிகமானால் அது உங்களை ஒன்று, இரண்டு மணிவரை விழிக்க வைக்கும். ஆகவே படுக்கப் போகும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே வந்துவிடுங்கள். வெளியே இருந்தே ஆக வேண்டுமானால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஜன்னல் இல்லாத உள்ளறையை யோசிக்கலாம். கட்டணமும் குறைவு, இருட்டும் முழுமை. ஜன்னல் அறையானால் தடித்த திரை இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேளுங்கள். திரையின் ஓரங்களில் கசியும் கோட்டு வெளிச்சத்தை அடைக்கத் துணிக் கிளிப் நாலைந்து பெட்டியில் இருக்கட்டும். விளக்கணைத்த பிறகு முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியக்கூடாது. அதுதான் போதுமான இருட்டுக்கு அளவுகோல். கண்மூடிப் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். வடகடலில் வெளியே குளிர் இருந்தாலும் அறையின் வெப்பத்தைக் குறைத்தே வையுங்கள். உடம்பு சற்றுக் குளிர்ந்தால்தான் தூக்கம் வரும்.

காலையில் எழுந்ததும் நேராக மேல்தளத்துக்குப் போய் அரை மணி நேரம் நடங்கள். வெளிச்சம் நாள் முழுதும் இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. கடிகாரத்துக்கு வேண்டியது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அதுவும் தினமும் ஒரே நேரத்தில். சாப்பாட்டையும் குறித்த நேரத்தில், மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள். குகை வௌவாலுக்கு உதவிய வழி இது. காப்பியை மதியத்தோடு நிறுத்துங்கள், அதன் பாதி வீரியம் இறங்கவே ஐந்து மணி நேரம் போலாகும். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள் முடியட்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து நேரம் ஊகித்தால் வேளை தவறிவிடும். மெலடோனின் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

ஊர் திரும்பிய முதல் இரண்டு நாள், காலை ஏழு மணிக்குப் பிந்திய வெயிலில் நடங்கள். அதற்கு முன்பு படும் ஒளி கடிகாரத்தை இன்னும் பின்னுக்கே தள்ளும்.

அங்கேயே வாழ்பவர்கள்

இரவில்லாக் கோடையை வருடா வருடம் காணும் தமிழர்களும் உண்டு. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் மாகாணத்து மீன்பிடி ஊர்களில் குடியேறி, மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்தின் பன்னிரண்டு மணிப் பகலில் வளர்ந்தவர்கள், கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறையாத, குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் உதிக்காத இடத்தில் பிள்ளைகளை வளர்த்தார்கள். இந்திய அரசும் 2008 ஜூலை 1ஆம் தேதி ஸ்வால்பார்டின் நியூ ஆலசுண்டில் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அங்கே ஜூன் மாத நள்ளிரவிலும் சூரியன் 12 பாகை உயரத்தில் நிற்கும்.

நார்வேயின் டிரோம்சோ நகர மக்களையும், நம்மைப்போல நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழும் கானா நாட்டு அக்ரா மக்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அக்ராவில் தூக்க நேரம் பருவத்தோடு மாறவில்லை. டிரோம்சோவில் மாறியது; தூக்கமின்மை குளிர்காலத்தில் கூடியது. அங்கே வாழ்பவர்களுக்கே பருவம் மாறும்போது உறக்கம் தடுமாறுகிறது. வந்து பத்து நாள் தங்குபவர் தடுமாறினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலங்குகளுக்கு வேறு வழிகள் உண்டு. ஸ்வால்பார்டின் ரெயின்டீர் மான்கள் கோடையில் நாள் கணக்கையே விட்டுவிட்டு, பசித்தபோது மேய்ந்து, களைத்தபோது படுக்கின்றன என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. வட அலாஸ்காவில் ஓர் உள்ளான் இனத்தின் ஆண் பறவை ஒன்று இனப்பெருக்கக் காலத்தில் 19 நாட்கள், நேரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் விழித்தே இருந்தது. குறைவாகத் தூங்கிய ஆண்களே அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையாயின. குளிர்காலத்தில் தமிழகத்துக் கண்மாய்ச் சேற்றில் இரை பொறுக்கும் கொசு உள்ளானும், கோடையில் இதேபோன்ற இரவில்லா நிலத்துக்குத்தான் முட்டையிடப் போகிறது. மனிதருக்கு இந்த வசதி கிடையாது. உறக்கத்தை விட்டால் நமக்கு நோய்தான் மிஞ்சும்.

நம்மூரின் இரவில்லாதவர்கள்

இந்தப் பாடம் வடகடல் போகாதவருக்கும் தேவை என்று முன்பு சொன்னேன். அருப்புக்கோட்டை நெசவு ஊர். சுற்றுவட்டாரத்து நூற்பாலைகள் மூன்று ஷிப்ட் ஓடுகின்றன. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளி, படுக்கப் போகும் நேரத்தில் கரிசல் காட்டு வெயில் முழுசாக அடிக்கிறது. தகரக் கூரை, ஓட்டுச் சந்து, திரையில்லாத ஜன்னல் என எல்லா வழியிலும் வெளிச்சம் உள்ளே வருகிறது. நள்ளிரவுச் சூரியனைப் பயணி பத்து நாள் பார்க்கிறார். இவர் அதை வருடக்கணக்கில் அனுபவிக்கிறார். பயணிக்குக் கிடைக்கும் இருட்டறை இவருக்கு இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் அதை உறுதிசெய்தது.

வீட்டில் இருப்பவர்களும் தப்பவில்லை. படுக்கையில் கைப்பேசி, அறைக்குள் வெள்ளை எல்இடி என்று முன்னிரவை நாமே பகலாக்கிக்கொண்டோம். 2013இல் அமெரிக்காவின் கொலராடோவில் சிலரை மின்விளக்கில்லாமல் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தபோது, அவர்களது கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னே வந்து சூரியனோடு பொருந்திக்கொண்டது. கெட்டது சீக்கிரமே சரியாகும் என்பது இதிலுள்ள நல்ல செய்தி.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆலை நடத்துபவர்கள் ஷிப்டைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள், தலைகீழாக மாற்றாதீர்கள். விடுதியில் இரவு வேலை செய்பவர்களுக்கென இருட்டும் குளிர்ச்சியும் உள்ள தனி அறை ஒதுக்குங்கள். இரவு ஷிப்ட் தொழிலாளர்கள், ஆலை வேனில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். படுக்கும் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். பைக் ஓட்டி வருபவர்கள் மட்டும் கண்ணாடியைத் தவிர்த்துவிடுங்கள், தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து. வீட்டில் உள்ளவர்கள், பகலில் உறங்குபவரின் அறையை இரவாக வைத்திருக்க உதவுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வெள்ளை விளக்கையும் கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள். ஒரு மீட்டர் கறுப்புத் துணிக்கும் ஒரு விளக்கை அணைப்பதற்கும் பெரிய செலவில்லை. இன்று ராத்திரியே தொடங்கலாம்.